சனிக்கிழமை மே மாதத்தில் போய்விட்டதாம்

முழு வீக்எண்ட் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். இரண்டு டேங்க் பெட்ரோல் போட்டுப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

என் மச்சினனுக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்ட்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) எது உயரமான இடமோ அங்கே போய் நின்று போனில் டிக் அடிக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் மட்டும் 102 கவுண்ட்டி. பாதிக்கு மேல் தோசைக்கல். மக்காச்சோளக் காட்டு நடுவில் நிறுத்தி "இதுதாங்க மாமா உச்சி" என்பான். பக்கத்து வரப்பு அதைவிட உயரமாகத் தெரியும். சரி, குடிக்கவில்லை, சூதாடவில்லை, தொலையட்டும் என்று விட்டிருந்தேன்.

அவன் பட்டியலில் பெரிய தலை சார்லஸ் மவுண்ட். ஜோ டேவிஸ் கவுண்ட்டி, பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் எல்லைக்கு இந்தப் பக்கம் கால் மைல். மாநிலத்துக்கே அதுதான் உச்சி. பனியாறுகள் இல்லினாயை இஸ்திரி போட்டபோது அந்த மூலையை விட்டுவிட்டனவாம், அதனால்தான் அங்கே மேடு மிச்சமாம். நேப்பர்வில்லில் காரைக் கிளப்பும்போது ஆரம்பித்த பாடம் இரண்டரை மணி நேரம் ஓடியது.

எவ்வளவு உயரம் தெரியுமா? 1,235 அடி. எங்கள் பீளமேடு ஏர்போர்ட்டே 1,300 அடிக்கு மேல்! கோயம்புத்தூர்க்காரன் பிளேன் ஏறி, கடல் தாண்டி, தன் ஊரைவிடப் பள்ளத்தில் வந்து நின்றுகொண்டு "உச்சி, உச்சி" என்று கூவ வேண்டும். சிகாகோ வில்லிஸ் டவரில் 103-ஆம் மாடிக்கு லிஃப்டில் போனால் 1,353 அடி. அதுவும் தரையிலிருந்து. அந்தத் தரையே கடல்மட்டத்துக்கு 580 அடிக்கு மேல். சொன்னேன். "அது இயற்கை இல்லீங்க மாமா." லிஃப்ட் இயற்கை இல்லை, முதுகுவலி இயற்கை. சரி.

அந்த மேடு தனியார் நிலத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், நாலு மாதமும் முதல் முழு வீக்எண்டில் மட்டும் ஊராரை உள்ளே விடுகிறார்கள். அதுவே பெரிய மனசு, அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆள் 'முழு' என்ற இரண்டு எழுத்தைப் படிக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு. போய்ச் சேர்ந்தால் வழியில் சங்கிலி. இறங்கிப் போய்ச் சங்கிலியைப் பார்த்தான். போனைப் பார்த்தான். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான், நிஜச் சங்கிலிதானா என்று. திரும்பவும் போன். அந்த நேரம் பிக்கப்பில் வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வாரம்" என்றார்.

"இன்றைக்கு ஞாயிறு" என்றேன்.

"ஆமாம்."

"தேதி ஒன்று."

"ஆமாம்."

"ஜூன் மாதம்."

அதற்கும் ஆமாம்.

"அப்போ முதல் வீக்எண்ட்தானே?"

"முதல்தான். முழுசு இல்லை. சனிக்கிழமை மே மாதத்தில் போய்விட்டதே."

போய்விட்டதாம்! துக்கச் செய்தி மாதிரி சொல்கிறார். சனி மேயில் மண்டையைப் போட்டதால் ஞாயிறு அநாதையாம், கணக்கில் வராதாம். சனிப்பெயர்ச்சி என்றால் குரு பலம் பார்ப்பேன், எள் விளக்கு போடுவேன். இது மேயிலிருந்து ஜூனுக்குப் பெயராத சனி. இதற்கு எந்தக் கோயிலில் பரிகாரம்? மச்சினன் மெதுவாகத் திரும்பினான். "பாயிண்ட் இருக்குங்க மாமா" என்றான். சிரிப்பு வேறு.

நேற்று, ஜூன் 7, சுத்தமான அக்மார்க் சனிக்கிழமை, மறுபடி போனோம். காரை விட்டுவிட்டு ஒரு மைலுக்கு மேல் நடை. மேலே என்ன இருந்தது? நாற்காலி. கல்யாண மண்டபத்தில் மிச்சமானது மாதிரி நாலைந்து நாற்காலி. ஏறி வந்ததற்கு உட்கார்ந்துவிட்டுப் போ என்கிறது மலை. உட்கார்ந்தேன். புளியோதரை சாப்பிட்டோம். காற்று நன்றாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்லக் கூடாது. "மாமா, டிக்!" என்றான்.

இன்று காலை சமையலறையிலிருந்து குரல். "டப்பா மூடி எங்கே?"

எவர்சில்வர் டப்பா. மாமியார் பேர் வெட்டிக் கொடுத்தது, மூடியிலும் பேர் உண்டு. மூடி இப்போது இல்லினாய் மாநிலத்தின் உச்சியில் ஒரு நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தவன் அவள் தம்பி. திட்டு எனக்கு.

ஜூலை 5, 6. காலண்டரை மூன்று தடவை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை ஜூலையில்தான் இருக்கிறது.