அவுட்புட் வந்தால்தான் மார்க்கா?

புரோகிராமிங் லேப் எக்ஸாமில் "அவுட்புட் வரலையா, மார்க் இல்லை" என்று சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். இன்ஜினியரிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லித்தரும் வேலையில் இருப்பதால் இதை எழுதுகிறேன். எக்ஸ்டர்னலாக, அதாவது வேறு கல்லூரிகளுக்கு எக்ஸாம் நடத்தப் போகிற இடங்களிலும் இதே கதைதான்.

பிராக்டிகல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக: சிலபஸில் உள்ள பயிற்சிகள் செமஸ்டர் முழுக்க ரெக்கார்டு நோட்டில் ஏறியிருக்கும். எக்ஸாம் அன்று பெரும்பாலும் அவற்றிலிருந்தே ஒரு கேள்வி வரும். எய்ம், அல்காரிதம், புரோகிராம் என்று பேப்பரில் எழுதி, கம்ப்யூட்டரில் டைப் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் வைவா, அதாவது வாய்மொழிக் கேள்விகள். என்னென்ன கேள்வி வரும் என்று தெரியும், ஓடாவிட்டால் போச்சு என்ற பயமும் உண்டு. அந்த வயதுப் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? ரெக்கார்டை வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

லீப் வருடமா இல்லையா என்று சொல்லும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக யோசித்து எழுதும் ஒரு மாணவி, 4, 100, 400 மூன்றையும் (4-ஆல் வகுபட்டால் லீப், 100-ஆல் வகுபட்டால் இல்லை, 400-ஆலும் வகுபட்டால் மறுபடி லீப்) சரியாகக் கோத்துவிட்டு, வருடத்தை வாங்கும் வரியில் அதை எண்ணாக மாற்றும் 'இன்ட்' போட மறந்துவிடுகிறாள். பைத்தானில் இன்புட் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளாகத்தான் வரும். ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் சதவீதக் குறி வந்தால் பைத்தான் மீதி கணக்குப் போடாது. "நாட் ஆல் ஆர்குமென்ட்ஸ் கன்வர்டட் டியூரிங் ஸ்ட்ரிங் ஃபார்மேட்டிங்" என்று எரர் காட்டும். லீப் வருடத்துக்கும் இந்த வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு எப்படிப் புரியும்? எரர் காட்டுவது வகுபடுகிறதா என்று சோதிக்கும் இஃப் வரியை, தப்பு இருப்பதோ அதற்கு மேல். சரியாக இருக்கிற இஃப் வரியை மாற்றி மாற்றி எழுதியே நேரம் போய்விடும். பக்கத்து சீட்டில் மனப்பாடமாக அடித்தவனுக்கு முதல் தடவையே அவுட்புட் வந்துவிடும். "1900 லீப் வருடமா?" என்று வைவாவில் கேட்டுப் பாருங்கள். அவள் பதில் சொல்வாள், அவன் முழிப்பான். நம் விதிப்படி மார்க் அவனுக்கு.

"வேலைக்குப் போனால் ஓடாத புரோகிராமுக்குச் சம்பளம் தருவார்களா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சரி, வேலையில் யார் எதையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல் எழுதுகிறார்கள்? அங்கே நாளின் பெரும்பகுதி எரரைப் படித்து, தப்பு எங்கே என்று தேடுவதில்தான் போகிறது. அந்தத் திறமைக்கு நம் எக்ஸாமில் தனியாக ஒரு மார்க்கும் இல்லை.

தியரி பேப்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. பைத்தானுக்கு இன்டென்டேஷன், அதாவது வரியின் முன்னால் விடும் இடைவெளிதான் உயிர். லூப்புக்குள் லூப் எழுதும்போது பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தாண்டினால், எந்த வரி எதற்குள் என்று திருத்துபவருக்கே தெரியாது. இதற்கு மார்க் குறைப்பார்களா மாட்டார்களா என்பது எக்ஸாமுக்கு முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் மாற்ற யுனிவர்சிட்டி மனசு வைக்க வேண்டும் என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனில் லேப் பேப்பருக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 60, செமஸ்டர் எக்ஸாம் 40. பெரிய பங்கு நம் கையில்தான் இருக்கிறது. கல்லூரியே நடத்தும் மாடல் பிராக்டிகல் வருகிறதே, அதிலேயே ஆரம்பிக்கலாம். ரெக்கார்டில் இல்லாத ஒரு சின்னக் கேள்வி கொடுங்கள். அதோடு, தப்பு வைத்த ஒரு புரோகிராமையும் கொடுத்து, சரிசெய்து காரணம் எழுதச் சொல்லுங்கள். பைத்தான் டாகுமென்டேஷனைத் திறந்து பார்க்க விடுங்கள். லாஜிக்குக்கு எவ்வளவு, எரரைக் கண்டுபிடித்ததற்கு எவ்வளவு, அவுட்புட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கை ஒரு வாரம் முன்னாடியே லேப் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.