பதினோராவது டேக்கில் யதார்த்தம்

(சித்தப்பாவுக்கு வயது 58. பழைய சுவர்க் கடிகாரங்களைப் பழுது பார்ப்பது தொழில். அதை இணையத்தில் பிரபலப்படுத்துவது மூன்று மாதமாகப் பிடித்திருக்கும் பேய். அண்ணன் மகள் கயல் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கை வலிக்கிறது என்று முகமே சொல்கிறது.)

கயல்: பத்து டேக் ஆகிவிட்டது சித்தப்பா. இன்னும் எத்தனை?

சித்தப்பா: இயல்பாக வரும் வரைக்கும். இப்போது எல்லாம் 'அதென்டிக்'காக, அதாவது அசலாக, இருக்கவேண்டுமாம். மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர்களே 2023இல் அந்த வார்த்தையைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள், தெரியுமா?

கயல்: அகராதியில் அதைத் தேடியவர்கள் கூடிப்போனதால் அறிவித்தார்கள். பொருள் தெரிந்தவன் எதற்கு அகராதியைத் திறக்கிறான்?

சித்தப்பா: குறுக்கே பேசாதே. கவனி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பேன். நான்கு விநாடி மௌனம். அப்புறம் தொண்டை கம்மும். "ஆரம்பத்தில் என்னை யாருமே நம்பவில்லை…"

கயல்: யார் நம்பவில்லை?

சித்தப்பா: பொதுவாக.

கயல்: தாத்தா காலத்துக் கடிகாரத்தைக்கூட உங்களை நம்பித்தானே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்?

சித்தப்பா: அதைச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? எல்லார் வீடியோவிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது கயல். எனக்கு மட்டும் இல்லையென்றால் நன்றாகவா இருக்கும்?

கயல்: தாளில் "இங்கே கண் கலங்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறீர்களே.

சித்தப்பா: மறந்துவிடக் கூடாதல்லவா. ஏய், ஏய்! அந்த ஸ்க்ரூடிரைவரைத் தொடாதே!

கயல்: ஓரத்தில் விழுவதுபோல் இருந்தது, நகர்த்தினேன்.

சித்தப்பா: மேசை கொஞ்சம் கலைந்து கிடந்தால்தான் நம்புவார்களாம். நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கலைத்திருக்கிறேன். அது அங்கே தற்செயலாகக் கிடக்கிறது. அப்படியே கிடக்கட்டும். பத்தாயிரம் பேர் பார்க்கப்போகிற வீடியோ.

கயல்: பத்தாயிரமா? போன மாதம் உங்கள் கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் 212 பேர்தானே? அதில் என் அப்பாவும் ஒருவர். அவரையும் நீங்களே போனை வாங்கி அழுத்திச் சேர்த்தீர்கள்.

சித்தப்பா: வளர்ச்சியம்மா. நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது வளர்ந்தது.

கயல்: எவ்வளவு கொடுத்தீர்கள்?

(நான்கு விநாடி மௌனம். இந்த முறை கேமரா ஓடவில்லை. உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.)

சித்தப்பா: தூங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கொடுத்தேன்.

கயல்: காட்டுங்கள். இவர் பெயரில் எட்டு எழுத்து, ஒன்பது எண். இவர் நான்காயிரம் பேரைப் பின்தொடர்கிறார், தானாக ஒன்றுகூடப் போட்டதில்லை.

சித்தப்பா: அடக்கமானவராக இருக்கும். இதோ பார், இவர் படம் வைத்திருக்கிறார்.

கயல்: அதே படம் இவருக்கும் இருக்கிறது.

சித்தப்பா: இரட்டையர்.

கயல்: ஏழு பேர், சித்தப்பா.

சித்தப்பா: (கண்ணாடியைத் துடைக்கிறார்) யார் வீட்டில் எத்தனை என்று நாம் ஏன் எண்ணவேண்டும்?

கயல்: நாம் எண்ணாவிட்டால் அவர்கள் எண்ணுவார்கள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை ஒரேயடியாகக் கூட்டிப் பெருக்கித் தள்ளியது. இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலேயே 1.8 கோடிக்கு மேல் காணாமல் போனார்கள். பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 35 லட்சம். 2018 ஜூலையில் ட்விட்டர் பெருக்கியபோது ட்விட்டரின் கணக்குக்கே 77 லட்சம் போனது.

சித்தப்பா: அடேயப்பா. 35 லட்சத்துக்குப் பீபர் எவ்வளவு கொடுத்திருப்பார்? மொத்தமாக வாங்கினால் குறைப்பார்களோ?

கயல்: அவர் எதற்கு வாங்கப் போகிறார்? போலிக் கணக்கு மனிதன் மாதிரி தெரியவேண்டும் என்று பிரபலங்களையும் சேர்த்துப் பின்தொடரும். நிழலுக்கு ஒதுங்குவது மாதிரி. நீங்கள் செய்ததுதான் வேறு கதை. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் ஒரு விதி அமலுக்கு வந்தது. போலி ஃபாலோயர்களை விற்பது மட்டுமில்லை, வியாபாரத்துக்காகத் தெரிந்தே வாங்குவதும் தவறு.

சித்தப்பா: தெரிந்தே வாங்கினால்தானே? எனக்கு நீ சொல்லி இப்போதுதான் தெரிகிறது.

கயல்: பொய் விமர்சனம் எழுதுவதும் அந்த விதியில் வருகிறது.

(சித்தப்பா தொலைவில் எதையோ பார்க்கிறார். அங்கே சுவர்தான் இருக்கிறது.)

கயல்: சித்தப்பா?

சித்தப்பா: ஒன்றே ஒன்று. "வேலை பிரமாதம். இவர் புகழ்ச்சியை விரும்பாதவர்." ஐந்து நட்சத்திரம்கூடப் போடவில்லை, நான்குதான். நம்பும்படி இருக்கவேண்டுமே.

கயல்: அதை அழித்துவிடலாம். இந்தப் பத்தாயிரம்தான் பெரிய தலைவலி. நீங்கள் வீடியோ போட்டதும் முதலில் கொஞ்சம் பேருக்குத்தான் காட்டுவார்கள். அவர்கள் நின்று பார்த்தால், ஏதாவது எழுதினால், மற்றவர்களுக்கும் போகும். உங்களுடையது பத்தாயிரம் நாற்காலி போட்ட மண்டபம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பொம்மை. வெளியே போகிறவன் எட்டிப் பார்த்து, சத்தமே இல்லையே, யாரோ தவறிவிட்டார் போலிருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

சித்தப்பா: அப்படியானால் கைதட்டும் பொம்மையாக வாங்கியிருக்கவேண்டும். அது தனி விலை என்றான்.

கயல்: ஐயோ. கெவின் கெல்லி என்று ஒருவர் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். லட்சம், கோடி எல்லாம் வேண்டாம், நீங்கள் எதைச் செய்தாலும் தேடி வருகிற ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் பிழைப்பு ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

சித்தப்பா: வெறும் ஆயிரமா? என்னிடம் 212 இருக்கிறதே. இன்னும் 788 வாங்கினால் போதுமா?

(கயல் போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். நானாக இருந்தால் வீட்டுக்கே போயிருப்பேன்.)

கயல்: சரி, அந்த 212க்கு வருவோம். சொந்தக்காரர்களைக் கழித்துவிடுங்கள். உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டிருக்கிறார்களா?

சித்தப்பா: ஒருவர் இருக்கிறார். பெரிய தொந்தரவு. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டுவிட்டார். அவருடைய அப்பாவின் கடிகாரம் மூன்று மணிக்கு ஏழு அடிக்கிறதாம்.

கயல்: நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

சித்தப்பா: இதயம் போட்டேன்.

கயல்: மூன்று முறையுமா?

சித்தப்பா: சே, அப்படிச் செய்வேனா? முதலில் இதயம். அடுத்தது கைகூப்பல். மூன்றாவது முறை "தொடர்ந்து எங்களோடு இணைந்திருங்கள்."

கயல்: பாவம், இணைந்தேதான் இருந்திருக்கிறார். போகட்டும், பதில் தெரியாதென்றால் என்னதான் செய்வது?

சித்தப்பா: யாருக்குத் தெரியாது?

கயல்: இல்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரியவேண்டும் என்று இல்லையே…

சித்தப்பா: யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய்? முப்பத்தைந்து வருடமாக இந்த விரல் அதற்குள்ளேதான் கிடக்கிறது! அது எண்ணுச் சக்கரத்தின் வேலை. ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இரண்டு மணிக்குக் குட்டி, பன்னிரண்டுக்கு நீளம். அந்த இடைவெளி தீரும் வரைக்கும் மணி அடிக்கும். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. ஏழு அடித்தேன், அடுத்தது எட்டு. அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

கயல்: அப்புறம் எப்படி மாறிப்போனது?

சித்தப்பா: மணி அடிக்கிற ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்க மறந்திருப்பார். முள் ஓடிவிட்டது, மணி தூங்கிவிட்டது. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடு, காட்டுகிறேன்.

கயல்: அது தற்செயலாகக் கிடக்கிறதே?

சித்தப்பா: அட, கொடு! இங்கே பார், ஒரு கம்பி அந்த வெட்டுக்குள் விழுந்து உட்கார்ந்திருக்கும். விரலால் மெதுவாகத் தூக்கிவிட்டால் எட்டு அடிக்கும். நின்றதும் மறுபடி தூக்கினால் ஒன்பது. முள் காட்டுகிற மணி வரும் வரைக்கும் இப்படியே போகவேண்டும். அரை மணிக்கு ஓர் அடி அடிக்கிற ரகமென்றால் நடுநடுவே அதுவும் வரும், குழம்பக் கூடாது. முள்ளைப் பிடித்துப் பின்னால் திருப்பினால் போச்சு. இந்த மனிதர் திருப்பித் தொலைக்காமல் இருக்கவேண்டுமே! போனைக் கொடு. நானே சொல்கிறேன்.

(குரல் பதிவு ஆறு நிமிடம் போகிறது. நடுவில் தொண்டை கம்முகிறது, இருமல்தான். "உள்ளே வேறு ரகமாகவும் இருக்கலாம், முதலில் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று இரண்டு முறை சொல்கிறார். கை பட்டு, இரண்டு மணி நேரம் கலைத்த மேசை நிஜமாகவே கலைகிறது. ஒரு மணி நேரம் கழித்து…)

கயல்: சித்தப்பா, பதினோராவது டேக்?

சித்தப்பா: உஷ். படம் அனுப்பினார். எண்ணுச் சக்கரமேதான். சரி செய்துவிட்டாராம், மூன்றுக்கு வந்து நின்றுவிட்டதாம். ஆனால் பெண்டுலம் இருபது நிமிடத்தில் நின்றுபோகிறதாம். சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

(போன் ஒலிக்கிறது: டிக் டாக்… டிக் டாக்… டிக் டாக்…)

சித்தப்பா: கேட்டாயா? நொண்டுகிறது. டிக்குக்கும் டாக்குக்கும் ஒரே இடைவெளி வரவேண்டும். சுவரில் கோணலாக மாட்டியிருக்கிறார். அடியில் ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளிப் பார்க்கட்டும், சரி வராவிட்டால் வலப்பக்கம்.

கயல்: சித்தப்பா, உங்கள் கணக்கில் ஓர் ஆள் குறைந்துவிட்டது.

சித்தப்பா: அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றுதானே? ஒழியட்டும்.

கயல்: இல்லை. 212இல் ஒருவர். என் அப்பா.

சித்தப்பா: அண்ணனா? போகட்டும், அவர் வீட்டில் எலெக்ட்ரானிக் கடிகாரம்தான். நீ அந்தச் சத்தத்தை இன்னொரு முறை போடு.