எறங்கு ஆத்தா

போன வாரம் சொந்தக்காரர் ஒருத்தர பாக்க இங்க சேலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு போயிருந்தேன். ஐசியூக்கு வெளிய நீளமா பெஞ்சு போட்டிருப்பாங்கல்ல, அதுல ஒரு அக்கா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நைட்டி மேல ஒரு துண்ட போட்டுக்கிட்டு போட்டது போட்டபடி ஓடி வந்திருக்காங்க. உள்ள அவங்க பையன், பைக் ஆக்சிடென்ட். "எறங்குடி ஆத்தா, மாரியாத்தா எறங்குடி, எம்புள்ளைய எனக்கு திருப்பி குடுத்துருடி"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுறாங்க. கூட வந்தவர் ஒருத்தர் "சும்மா இரும்மா, அழுதா ஆச்சா, பாசிட்டிவா நினை, சாமி மேல நம்பிக்கை இருந்தா இப்படி அழ மாட்ட"ங்கறார். இன்னொருத்தர் வந்து மெதுவா "எல்லாம் அவங்கவங்க கர்மா, நம்ம கையில என்ன இருக்கு"ன்னுட்டு போனார். அந்தக்கா துண்டு முனைய எடுத்து வாயில அடைச்சுக்கிட்டாங்க. சத்தம் நின்னுருச்சு. ஒடம்பு மட்டும் குலுங்கிட்டே இருந்துச்சு.

அத பாத்ததுல இருந்து எனக்கு தூக்கம் சரியா இல்ல. ஏன்னா நானும் அதே வேலைய செஞ்சவன், அதுவும் பெத்த அம்மாகிட்ட.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாம் அலை. எங்க வீடு அம்மாபேட்டை பக்கம், அப்பா தறி நெய்யறவர், அம்மா தார் சுத்தி குடுப்பாங்க, அம்பது வருசத்துக்கு கிட்ட அந்த தறி சத்தத்துலயே ஓடின வீடு. அப்பாவுக்கு ஜுரம் வந்து மூணாம் நாளு மூச்சு தெணற ஆரம்பிச்சுருச்சு. அந்த மாசம் ஊரு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பெட்டுக்கு ஆம்புலன்ஸ்லயே மணிக்கணக்கா காத்திருந்தோம், இரும்பாலைல 500 பெட்டோட ஆக்சிஜன் சென்டர் தொறந்தது எல்லாம் அப்புறம் தான், மே 20ம் தேதி, எங்க அப்பாவுக்கு அது வரைக்கும் தாங்கல. எப்படியோ ஒரு எடத்துல பெட் கெடச்சு உள்ள சேத்துட்டு, கூட யாரையும் விட மாட்டேன்னுட்டாங்க, நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்துட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அம்மாவ காணோம். தேடிக்கிட்டு போறேன், தெருமுனை மாரியம்மன் கோயில் முன்னாடி நிக்கிறாங்க. ஏப்ரல் கடைசில இருந்தே கோயில் எல்லாம் பூட்டு தான, கம்பி கேட்ட ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உள்ள பாத்து கத்துறாங்க. "ஏன்டி, முப்பத்தஞ்சு வருசமா உனக்கு தண்ணி ஊத்துனேன், மாவிளக்கு எடுத்தேன், உருளுதண்டம் போட்டேன், இப்ப கதவ பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்துட்டியா, உனக்கு கண்ணு இருக்கா இல்லையா, எறங்குடி, எறங்கி வாடி". எங்கம்மா யாரையும் வாடி போடின்னு பேசி நான் கேட்டதில்ல. தெருவுல ரெண்டு மூணு வீட்டுல லைட்டு போட்டாங்க, ஜன்னல் தொறந்துச்சு, மேல இருந்து ஒருத்தங்க "அழாதீங்கக்கா, நெகட்டிவா பேசாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்"ன்னாங்க. நான் போய் அம்மா கைய புடிச்சு இழுத்தேன். "வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க, மானம் போவுது"ன்னேன். ஆமா, மானம் போவுதுன்னு தான் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசாம கூட வந்துட்டாங்க.

நாலாம் நாள் அப்பா போய்ட்டார். மூட்டையா கட்டி குடுத்தாங்க, நாலு பேரு, பத்து நிமிசம், அவ்ளோதான். ஒப்பாரி இல்ல, சொந்தம் இல்ல, வாய்க்கரிசி இல்ல. அம்மா அழல. அதுக்கப்புறமும் மாசக்கணக்கா அழல. சாப்பிடுறாங்க, தூங்குறாங்க, டிவி பாக்குறாங்க, ஆனா ஆளு உள்ள இல்ல. நான் என்னமோ அம்மா தைரியமா இருக்காங்கன்னு நெனச்சேன், சொந்தக்காரங்க கிட்ட கூட "அம்மா ஸ்ட்ராங்"னு பெருமையா சொன்னேன். அந்த ராத்திரி கேட்டுகிட்ட இருந்து நான் இழுத்துட்டு வந்தப்பவே அம்மாவோட வாய அடைச்சுட்டேன்னு புரியவே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.

அடுத்த வருசம் ஆடி வந்துச்சு. சேலத்துக்காரங்களுக்கு ஆடின்னா சொல்ல வேண்டியதில்ல, பூச்சாட்டி கம்பம் நட்டாச்சுன்னா ஊரே மஞ்சத்தண்ணி வாசம். வெளியூர்காரங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன், கம்பம்னா கோயில் முன்னாடி நடுற கவட்டை மரம், அதத்தான் ஆத்தாவோட புருசன்னு சொல்லுவாங்க, பொம்பளைங்க தெனமும் குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துவாங்க, திருவிழா முடிஞ்சதும் அந்த கம்பத்த புடுங்கி தண்ணில விட்டுருவாங்க. அம்மா குடத்த எடுத்துட்டு கெளம்பினாங்க. தாலி இல்லாதவ ஊத்தலாமான்னு யாரோ முணுமுணுத்தது எங்காதுலயே விழுந்துச்சு, அம்மா காதுல விழலயா, விழுந்தும் கண்டுக்கலயா தெரியல, நேரா போய் ஊத்தினாங்க. ஊத்தி முடிச்சு அப்படியே அந்த ஈர மண்ணுல உக்காந்து அழுதாங்க பாருங்க, ஒரு வருசத்து அழுகை. இந்த தடவ நான் கைய புடிச்சு இழுக்கல. பக்கத்துல உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் கேட்டேன், ஏம்மா, அப்பாவ காப்பாத்தலயே அவ, இன்னும் அவகிட்ட போய் அழுறியேன்னு. அம்மா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, "அவளும் வருசா வருசம் புருசன புடுங்கி தண்ணில விடுறவ தானடா. என் அழுகை அவளுக்கு தெரியாம யாருக்கு தெரியும்".

இத நான் எந்த பிரசங்கத்துலயும் கேட்டதில்ல. நமக்கு கஷ்டம் வந்தா சாமி ஏன் வரல, இருக்கா இல்லையான்னு தான் மண்டைய ஒடச்சுக்குவோம். எங்கம்மாவுக்கு அந்த கேள்வியே இல்ல. அழுறவ கிட்ட அழுறா, அவ்வளவு தான்.

அதுக்கப்புறம் தான் அந்த "எறங்கு"ங்கற வார்த்தைய பத்தி யோசிக்க ஆரம்பிச்சேன். ஸ்கூல்ல தமிழ் வாத்தியார் சின்ன ர பெரிய ற மாத்தி எழுதினா முட்டி போட வைப்பார். இறங்குன்னா கீழ வா, இரங்குன்னா மனசு எளகு. ஆனா நாம பேசுறப்ப ரெண்டுமே எறங்கு தான். வீட்டுல கொழந்தைக்கு அம்மை போட்டா "ஆத்தா வந்திருக்கா"ன்னு தான் சொல்லுவாங்க, வேப்பிலைய சொருகி, தாளிக்காம சமைச்சு, எறங்கு தாயே எறங்கு தாயேன்னு கும்பிடுவாங்க. அம்மை ஒடம்ப விட்டு எறங்கணுமா, இல்ல ஆத்தா மனசு எறங்கணுமா? ரெண்டும் தான். ஒரே சத்தத்துல ரெண்டையும் கேக்குறாங்க. இன்னொண்ணும் இருக்கு. இரங்குன்னா கருணை காட்டுறது மட்டும் இல்ல, அழுறதுன்னும் அர்த்தம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல்னு படிச்சிருக்கோமே, கடக்கரையில தலைவி தவிச்சு பொலம்புறது. செத்த வீட்டுக்கு இரங்கல்னு போஸ்டர் ஒட்டுறோமே, அதுவும் அதே சொல்லு. அழுறவளுக்கும் இரங்கு, அத கேட்டு மனசு கரையிறவளுக்கும் இரங்கு. எங்கம்மா அன்னைக்கு வீட்டுல சொன்னதும் இதத்தான், அவங்களுக்கு நெய்தல் திணையெல்லாம் தெரியாது.

எங்க அம்மாயிக்கு மொத புள்ள பெரியம்மையில போச்சு. இப்ப அந்த நோயே கெடையாது, இந்தியாவுல 1975ல கடைசி, 1980ல உலகத்துலயே ஒழிஞ்சு போச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாச்சு. ஒழிச்சது தடுப்பூசி, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, சாமிகிட்ட அழுங்கன்னு சொல்றதால ஆஸ்பத்திரிக்கு போகாதீங்கன்னு சொல்றேன்னு தயவு செஞ்சு யாரும் எடுத்துக்காதீங்க. ஊசி வர்ற வரைக்கும், ஊசி பத்தாத எடத்துலயும், மனுசன் வாய தொறந்து அழ ஒரு எடம் வேணும். அத தான் சொல்றேன்.

பெரிய பக்திமான் யாரும் இப்படி அழுது பொலம்ப மாட்டாங்கன்னு நெனைக்கிறவங்களுக்கு அப்பர் கதைய ஞாபகப்படுத்துறேன். சமணத்துல தர்மசேனர்னு பெரிய ஆளா இருந்தவர், வயித்துல சூலை நோய் வந்து கொடல முறுக்கி எடுக்குது, என்ன செஞ்சும் நிக்கல, கடைசில ராத்திரியோட ராத்திரியா அக்கா திலகவதியார் கிட்ட வர்றார். அந்தக்கா "உனக்கு வேணும், மதம் மாறி போனல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. திருநீற குடுத்து திருவதிகை கோயிலுக்கு கூட்டிட்டு போறாங்க. அங்க நின்னு அவரு பாடின மொத பதிகத்தோட மொத வார்த்தை என்ன தெரியுமா, "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". எமனா வந்து நிக்குது இந்த வலி, நீ வெலக்க மாட்டேங்கறியே! போற்றி இல்ல, நன்றி இல்ல, எடுத்த எடுப்புல புகார். அப்புறம் "ஆற்றேன் அடியேன்"ங்கறார், என்னால தாங்க முடியலங்கறார். நாலாம் திருமுறைக்கே அது தான் தொடக்கம். இன்னைக்கும் வயித்து வலின்னா சைவக்காரங்க வீட்டுல அந்த பதிகத்த படிக்கிறாங்க. அவர்கிட்ட போய் யாராவது "அய்யா பாசிட்டிவா பேசுங்க"ன்னு சொல்லியிருந்தா அந்த பாட்டே நமக்கு கெடச்சிருக்காது.

எனக்கு அந்தக்கா தான் இந்த கதையில பெரிய ஆளா தெரியுறாங்க, அப்பர விட. கூட்டிட்டு போனாங்க, பக்கத்துல நின்னாங்க.

ஏற்காட்டுல எனக்கு ஒரு ஃப்ரெண்ட், அவங்க அம்மா காப்பி எஸ்டேட்ல காலம் பூரா வேலை பாத்தவங்க, கிறிஸ்டியன், ஆர்சி. அவங்க வீட்டுக்காரரும் அதே வருசம் தான் போனார். மாசத்துக்கு ஒரு தடவையாவது 20 ஹேர்பின் பெண்டு ஏறி போய் பாத்துட்டு வருவேன், அவங்க கிட்ட பேசினா எனக்கு என்னமோ லேசா இருக்கும். ஒருநாள் எங்கம்மா கதைய சொன்னேன். "எங்க பூசையில ஆரம்பத்துலயே ஆண்டவரே இரக்கமாயிரும், கிறிஸ்துவே இரக்கமாயிரும்னு தாம்பா சொல்லுவோம். அத்தன வருசமா வாயால சொன்னேன், அவரு போனப்புறம் தான் வயித்துல இருந்து சொல்றேன்"னாங்க. அப்புறம் பைபிள்ல வர்ற பர்த்திமேயு கதைய சொன்னாங்க. எரிகோ ஊரு ரோட்டோரம் பிச்சை எடுக்குற கண்ணு தெரியாதவரு, இயேசு போறார்னு கேள்விப்பட்டு "தாவீதின் மகனே எனக்கு இரங்கும்"னு கத்துறார். சுத்தி இருந்தவங்க சும்மா இருன்னு அதட்டுறாங்க. அவரு இன்னும் ஜாஸ்தியா கத்துறார். இயேசு நின்னார். அதட்டினவங்க எல்லாம் யாருன்னு நெனைக்கிறீங்க, இயேசு கூடவே நடந்து வந்த கூட்டம். இத சொல்லிட்டு அந்தம்மா "கூட நடக்குறவங்களுக்கு தாம்பா காது கேக்காது"ன்னாங்க.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கோயிலுக்கு போறவங்க, வெரதம் இருக்கறவங்க, ஜெபக்கூட்டத்துக்கு போறவங்க, நாம தான் அழுறவங்க கிட்ட போய் மொத ஆளா "நம்பிக்கை இல்லையா உனக்கு"ன்னு கேக்குறோம். சாமிக்கு நாம எதுக்கு வக்காலத்து வாங்கணும்? சாமிய ஒருத்தி திட்டினா அது அவளுக்கும் சாமிக்கும் நடுவுல இருக்கற விசயம். நம்பிக்கை இல்லாதவ எதுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போய் பூட்டுன கேட்ட புடிச்சு ஆட்டப்போறா? நம்பிக்கை விட்டுப்போனவ வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருப்பா. எங்கம்மா ஒரு வருசம் அப்படித்தான் இருந்தாங்க, அத தான் நான் ஸ்ட்ராங்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

அந்த கர்மா பேச்சு இன்னும் மோசம். ஐசியூ வாசல்ல நிக்கிற தாய்கிட்ட போன ஜென்மத்து கணக்க எடுத்து நீட்டுறதுக்கு எப்படிங்க மனசு வருது. சொல்றவங்க கெட்டவங்க இல்ல, எனக்கு தெரியும், என்ன சொல்றதுன்னு தெரியாம பயத்துல எதையோ சொல்லி வைக்கிறோம். எதிர்ல ஒருத்தி அழுதா நமக்கு வயித்த கலக்குது, நாளைக்கு இது நமக்கும் வருமேன்னு, அதனால சீக்கிரம் அந்த சத்தம் நிக்கணும். நான் எங்கம்மாவ இழுத்துட்டு வந்ததும் அம்மாவுக்காக இல்ல, எனக்காகத்தான். அந்த கேட்டுகிட்ட நின்னிருந்தா நானும் அழுதிருப்பேன்.

போன வாரத்துக்கு வர்றேன். அந்தக்கா துண்ட கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கூட வந்தவங்க பில்லு கட்ட கீழ போய்ட்டாங்க. நான் கேன்டீன்ல ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ண அவங்க பக்கத்துல வச்சுட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு துண்ட எடுத்துட்டு, "தம்பி, ரொம்ப சத்தம் போட்டுட்டனா, எல்லாருக்கும் தொந்தரவா இருந்துருக்குமே"ன்னாங்க. இல்லக்கா, யாருக்கும் தொந்தரவு இல்ல, நீங்க கூப்புடுங்கன்னேன். அவங்க என்னைய ஒரு தடவ பாத்தாங்க, டீய தொடல, ஐசியூ கதவு பக்கம் திரும்பி உக்காந்து மறுபடியும் ஆரம்பிச்சாங்க. எறங்குடி ஆத்தா.