மருந்தடித்த கைகளும் பார்க்கின்சன் ஆராய்ச்சியும்

பார்க்கின்சன் நோயை அடியோடு குணமாக்கும் மருந்து வந்துவிட்டதாக ஒரு செய்தி, மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும், ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தோட்டத்து மக்களாகிய நாம்தான் மற்றவர்களைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நடு மூளையில், உடல் அசைவைச் சீராக்கும் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். கை நடுங்கத் தொடங்கும் வேளையில் அவற்றுள் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் இந்த அணுக்களுக்குள் கட்டியாகத் திரள்வது 1997-இல் தெரியவந்தது. 2004-இல் எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் நொதி, உயிரணுவுக்குள் சரக்குகளை வழிநடத்தும் ராப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றுக்குக் கட்டளையிடுகிறது. மரபணு மாற்றத்தால் அது அளவுமீறி வேலை செய்யும்போது கழிவகற்றும் பணி குலைகிறது. பிங்க்1, பார்க்கின் என்ற இன்னும் இரு புரதங்களின் வேலையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்: வெட்ட வேண்டிய கிழட்டு மரங்களுக்குச் சாயம் பூசி அடையாளமிடுவதுபோல, உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதானவற்றை அவை குறித்து வைத்து அப்புறப்படுத்தச் சொல்கின்றன.

இந்த மைட்டோகாண்ட்ரியாவை வைத்துத்தான் நம் கதையும் வருகிறது. செம்பனைக் காட்டில் ஆண்டுக்கணக்கில் அடிக்கப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி, அணுவுக்குள் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தொடர்ந்து உண்டாக்கி, அதன் ஆற்றல் நிலையங்களைச் சிதைக்கக்கூடியது. பாராகுவாட்டையோ ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களுக்கு இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாக அமெரிக்க விவசாய ஆய்வொன்று 2011-இல் தெரிவித்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ஒவ்வொரு நோயாளிக்கும் இதுதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை. மலேசியா 2002-இல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006-இல் அந்தத் தடையை நீக்கி, 2020-இல்தான் முழுமையாக நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள்.

எங்கள் வரிசை வீட்டுப் பெரியம்மா ஒருவர் நடக்கும்போது வலது கை இயல்பாக வீசும். இடது கை மட்டும் அசையாமல் விலாவோடு ஒட்டிக்கொண்டே போகும். நடுக்கம் வருவதற்கு முன்பே தென்படக்கூடிய அறிகுறி இது. கேட்டால், "வயசாச்சுய்யா" என்பார். மருத்துவரிடம் போனபோதும், இளமையில் என்ன வேலை செய்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லையாம்.

புதிய சிகிச்சைகளின் கணக்கு கலவையானது. ஆல்ஃபா சைனூக்ளினைக் குறிவைத்த சின்பனமாப் என்ற எதிர்ப்புப் புரதம் பலன் தரவில்லை. நீரிழிவு மருந்தான எக்ஸெனடைடு மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அதன் மூன்றாம் கட்டச் சோதனையும் 2025-இல் தோற்றது. அதே ஆண்டு ஜப்பானின் கியோத்தோவில், எந்த வகை அணுவாகவும் மாறும்படி மறுநிரலாக்கப்பட்ட உயிரணுக்களிலிருந்து வளர்த்த, நரம்பணுக்களாக முதிரவிருக்கும் முன்னோடி அணுக்களை 7 பேரின் மூளையில் பொருத்தியதன் முடிவு வெளியானது: பலன் அளவிடப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு இயக்கம் மேம்பட்டது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கொண்டாடக் கூடாது. இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். எல்.ஆர்.ஆர்.கே.2 நொதியை அடக்கும் மாத்திரைகளும் மனிதச் சோதனையில் உள்ளன.

இத்தகைய மாத்திரைகள் நோயின் வேகத்தைக் குறைக்க முயல்பவை. இழந்த அணுக்களை அவை மீட்டுத் தருவதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்படும் நோயாளிக்குத்தான் அவற்றால் பயன் அதிகம். தீராத மலச்சிக்கல், மோப்பம் குறைதல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையை வீசுதல் போன்ற தொல்லைகளை முதுமையின் தலையில் கட்டிவிடும் நம் வழக்கம் தொடர்ந்தால், மருந்து வந்தாலும் நம்மவருக்கு அது காலம் கடந்த மருந்தாகவே இருக்கும்.

இன்று முதன்மையாகக் கையில் இருப்பது, மூளைக்குள் டோப்பமினாக மாறும் லெவோடோப்பா என்ற மருந்து. அதையும் பலர் கோழிக்கறிச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். புரத உணவின் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாசலிலும் அந்த மருந்தோடு போட்டியிடுகின்றன. சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போதே, எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டுகள் மருந்தடித்தார் என்பதையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.