பச்சைப்பால் வீடியோவும் சித்தப்பாவின்ர காய்ச்சலும்

போன கிழமை உப்புவெளியில இருக்கிற மருமகள் ஒரு வீடியோ அனுப்பினா. அமெரிக்காக்காரன் ஒருத்தன் மாட்டுக்குப் பக்கத்தில நிண்டு, கறந்த பாலை அப்பிடியே கிளாசில ஊத்திக் குடிக்கிறான். காய்ச்சினா சத்தெல்லாம் போயிடுமாம். "மாமா, சின்னவனுக்கும் இப்பிடிக் குடுத்துப் பார்க்கட்டா?" எண்டு கீழ ஒரு கேள்வி. சின்னவனுக்கு ரெண்டு வயசு.

உடனே கோல் எடுத்து வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். காரணம் ஃபோனில சொல்லி முடியாது, அதான் இது.

எங்கட சித்தப்பா மூதூர்ப் பக்கம் மாடு வச்சிருந்தவர். விடியப் பட்டியில நிண்டு, கறந்த சூட்டோட நுரை தள்ளுற பாலை ஒரு செம்பு அண்ணாந்து குடிச்சாத்தான் அவருக்குப் பொழுது விடியும். ஒருக்காக் காய்ச்சல் பிடிச்சுது. ரெண்டு நாள் காயும், ஒரு கிழமை விடும், திரும்ப வரும். இரவில சாரம் பிழியிற அளவு வேர்வை. இடுப்புப் பிடிச்சு கதிரையால எழும்ப ஏலாது. மலேரியா எண்டாங்கள், நெருப்புக்காய்ச்சல் எண்டாங்கள். மூண்டாவதாப் பார்த்த டொக்டர்தான், "பட்டியில சினைமாடு ஏதும் கன்றை விழுத்தினதா?" எண்டு கேட்டார். விழுத்தியிருந்தது, ரெண்டு. புருசெல்லாக் கிருமி: மாட்டைக் கன்று விழுத்தப் பண்ணும், காய்ச்சாத பாலால ஆளுக்கும் தொத்தும். ஆறு கிழமை ரெண்டு வகை மருந்து குடிச்சார்.

இதுக்குப் பழைய பேர் மால்டாக் காய்ச்சல். எங்கட திருகோணமலைத் துறைமுகம் மாதிரியே மால்டாத் தீவும் பிரித்தானியக் கடற்படை குந்தியிருந்த இடம். டேவிட் புரூஸ் எண்ட இராணுவ வைத்தியர் 1887இலயே கிருமியைப் பற்றி எழுதிட்டார். ஆனா அது ஆட்டுப்பாலில வருது எண்டு தெமிஸ்டோக்கிள்ஸ் சமிட் கண்டுபிடிக்க 1905 ஆச்சுது. ஏன் இவ்வளவு காலம்? ஆடுகள் பார்வைக்கு நல்ல சுகமா நிண்டதுகள். படையாட்களுக்கு அந்தப் பாலை நிப்பாட்டின பிறகுதான் காய்ச்சல் விழுந்தது. "எனக்குத் தெரிஞ்ச மாடு, நல்ல மாடு" எண்டு சொல்லுற ஆக்கள் இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு போங்கோ.

பாஸ்சரைஸ் எண்டா ஏதோ மருந்து கலக்கிறது எண்டு நினைக்கிற சனமும் இருக்கு. 72 பாகையில 15 செக்கன் சூடாக்கி உடனே குளிராக்கிறது, அவ்வளவுதான். அம்மா அதைவிடக் கூடச் செய்தவ. பொங்கி மேல வர அடுப்பைக் குறைச்சு, அகப்பையால கிளறி, இன்னும் ரெண்டு தரம் பொங்க விடுவா. சத்துப் போகுதா? விற்றமின் சி கொஞ்சம் போகும். அதுக்குத் தேசிக்காய் இருக்கு. கல்சியமும் புரதமும் சட்டியிலதான் கிடக்கும். பச்சைப்பால் குடிச்சா வயிறு ஊதாது எண்டதும் கதைதான். வயிறு ஊதப் பண்ணுற லக்டோஸ் எண்ட பால்சீனியை உடைக்கிற நொதியம் பச்சைப்பாலிலயும் இல்லை.

அதுக்காக, சூடாக்கினாச் சரி எண்டு விடவும் ஏலாது. விடியக் கறந்த பால் கானோட மோட்டார் சைக்கிளில எங்கட வெயிலுக்குள்ள பத்து மணிவரை சுத்தினா, ஸ்டெஃபிலோகொக்கஸ் எண்ட கிருமி பெருகி நஞ்சை விட்டிடும். காய்ச்சினா கிருமி சாகும், அந்த நஞ்சு சாகாது. மாட்டுக்கு மருந்து ஊசி போட்டுப்போட்டு, அது இறங்கச் சில நாள் விடாமக் கறந்தா, அந்த மருந்தும் பாலில கிடக்கும். பைக்கற் பாலும் ஃபிரிட்ஜுக்குள்ள இருந்தாத்தான் பால். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில ஃபிரிட்ஜை நிப்பாட்டுற கடையில வாங்கி, வீட்டில திரிஞ்ச பிறகு கொம்பனியைத் திட்டின அனுபவம் எனக்கும் இருக்கு.

அதால நான் இப்பவும் பால்கார அண்ணனிட்டத்தான் வாங்குறன். ஏழு மணிக்கு முன்னம் வந்தா ஒரு போத்தல், பிந்தினா வேண்டாம். அவருக்கும் அது தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்க மருமகள் மெசேஜ் போட்டிருக்கிறா: "சரி மாமா, காய்ச்சுறன். ஆனா ஒவ்வொரு நாளும் சட்டி அடிப்பிடிக்குது."

பாலை ஊத்த முன்னம் சட்டியில கொஞ்சம் தண்ணி விட்டு அலசு பிள்ளை, துடைக்காத.