கிலோ 2200 ரூபா கொள்ளையாம்

ஒரு பெண் வீட்டில வறுத்து விக்கிற கறித்தூளின்ர விலை விசயத்தில வாய் திறக்கக் கூடாதெண்டுதான் இருந்தன். ஆனா அதுக்கு ஒராள் போட்ட கொமன்ற்றுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தாப் பிறகு பேசாமல் இருக்க ஏலாமல் போச்சு. ஆர் எழுதினது, ஆற்ற பக்கத்தில எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்லி ஒருத்தரையும் நான் இழுக்கேல்லை. "செத்தல் மிளகாய் கிலோ 900 ரூபா, நீங்கள் தூள் 2200க்கு விக்கிறியள். வீட்டில இருந்து செய்யிறதுக்கு உவ்வளவு கொள்ளையா?" அதுக்குக் கீழ நூற்றுக்கணக்கில கையைத் தட்டி இருக்கிறியள்.

சரி, கணக்குப் பார்ப்பம். சரக்கு விலை கிழமைக்குக் கிழமை மாறும். அதால கொமன்ற்றில சொன்ன அந்த 900 ஐயே எடுக்கிறன், மற்றதுகளுக்கும் அதோட ஒத்துப்போற விலைதான் போடுறன். உங்கட கடை விலை வேறயெண்டா அதை வைச்சுக் கூட்டிப் பாருங்கோ.

ஒருக்கா வறுக்கிற அளவு இது. செத்தல் மிளகாய் 5 கிலோ, மல்லி 5 கிலோ, பெருஞ்சீரகம் 1 கிலோ, மிளகும் நற்சீரகமும் அரை அரைக் கிலோ, மஞ்சளும் வெந்தயமும் 250 கிராம் வீதம். கறிவேப்பிலை வளவுக்குள்ள நிக்குது, அதுக்குக் காசில்லை எண்டே வைப்பம். மொத்தம் 12.5 கிலோ. செத்தல் 4500, மல்லி 2500, பெருஞ்சீரகம் 1200, மிளகு 1000, நற்சீரகம் 800, மஞ்சள் 400, வெந்தயம் 150. கூட்டினா 10,550 ரூபா.

12.5 கிலோ சாமானுக்கு 12.5 கிலோ தூள் வரும் எண்டுதானே நினைக்கிறியள்? வராது. மிளகாய்க் காம்பு மட்டும் 400 கிராம் போகும். மல்லியில கல்லு, தண்டு, சொத்தை எண்டு சுளகில புடைக்க இன்னொரு 200. வெயிலிலயும் தாச்சியிலயும் ஈரம் ஒரு 700. மில்லுக்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்கிறது 200. கைக்கு வாறது 11 கிலோ, அதுவும் செத்தல் நல்ல காய்ச்சலா இருந்தாத்தான். கடைக்காரர் ஈரச் செத்தலைத் தள்ளிவிட்டிருந்தா 11 உம் வராது.

இனி மில் கூலி 1100, காஸ் 600, மில்லுக்குப் போய்வர ஓட்டோ 600, 250 கிராம் பைக்கற் 44 க்கு பையும் லேபலும் 25 ரூபாப்படி 1100. இதுவரைக்கும் 13,950. இன்னும் அந்தப் பெண்ணுக்கு ஒரு சதம் கூடப் போடேல்லை. கவனியுங்கோ, ஒரு சதம் கூட.

வேலை ரண்டு நாள். முதல் நாள் காம்பு கிள்ளி, புடைச்சு, வெயிலில போட்டு, கோழி காகத்துக்குக் காவல் இருந்து எடுக்கிறது. 5 கிலோ செத்தலுக்குக் காம்பு கிள்ளின கையோட இரவு கண்ணைக் கசக்கிப் பாருங்கோ, பிறகு வந்து கொள்ளையைப் பற்றிக் கதைப்பம். ரண்டாம் நாள் வறுவல். எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி வறுக்க ஏலாது, ஒவ்வொண்டுக்கும் பதம் வேற. மல்லி வாசம் வந்து, விரலால நசிச்சா நொருங்கவேணும். செத்தல் மெல்லின நெருப்பில கருஞ்சிவப்புக்கு வரவேணும், கறுக்கக் கூடாது. வெந்தயம் பொன்னிறம் வந்த உடன இறக்கவேணும். கொஞ்சம் பராக்குப் பார்த்தா 250 கிராம் வெந்தயம் 11 கிலோத் தூளையும் கைக்கப் பண்ணிப்போடும், அதுக்குப் பிறகு மருந்தே இல்லை. கறிவேப்பிலை கையில எடுத்தா பொடியாகவேணும். இலையில ஈரம் நிண்டா ஒரு மாசத்தில தூள் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும்.

வறுத்ததை நல்லா ஆறவிட்டுத்தான் மில்லுக்குக் கொண்டுபோகவேணும். மில்லில இருந்து தூள் சூடாத்தான் வரும், அதைத் திரும்ப ஒருக்காப் பரப்பி ஆறவைக்கவேணும். சூட்டோட பைக்கற்றில அடைச்சா உள்ளுக்கு வேர்க்கும். மில்லில உங்களுக்கு முன்னால அரிசி மா இடிச்சிருந்தா முதல் வாற கொஞ்சத்தை ஒதுக்கவேணும், அது உங்கட தூள் இல்லை. பேந்து அரிதட்டில அரிச்சு, நிறுத்து, சீல் அடிச்சு, திகதி ஒட்டவேணும்.

இந்த ரண்டு நாளுக்கும் நாளுக்கு 2000 ரூபாப்படி 4000 போடுறன். தோட்டத்துக்கு வெங்காயம் நட ஆள் கூப்பிட்டாலே கொத்தும் தேத்தண்ணியும் குடுத்து உந்தக் காசுக்குக் கிட்டக் குடுக்கவேணும். ஆக மொத்தச் செலவு 17,950.

44 பைக்கற், ஒண்டு 550. எல்லாம் வித்தா 24,200. கடைக்காரர் 20 வீதம் எடுப்பார், 4840. மிச்சம் 19,360. செலவைக் கழிச்சா 1410. மூண்டு பைக்கற் சீல் விட்டோ திகதி போயோ திரும்பி வந்தா, கடைக்காரற்ற பங்கு போக ஒண்டுக்கு 440 ப்படி 1320 போச்சு. கடைசியில நிக்கிறது 90 ரூபா.

கொள்ளை. 90 ரூபா.

இப்ப ஒராள் வருவார்: "அப்ப அவவுக்கு 4090 கிடைச்சிருக்குத்தானே?" ஓம், கிடைச்சிருக்கு. ரண்டு நாள் கூலி. அது லாபமில்லை ஐயா, கூலி. மேசனோட போற ஆள் பின்னேரம் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டை போறான். இவவுக்கு அந்தக் கூலி எப்ப வரும்? "வித்தாப் பிறகு பாப்பம் பிள்ளை" எண்டு கடைக்காரர் சொல்லுவார். நல்ல கடையெண்டா ஒரு மாசம், இல்லையெண்டா ஒண்டரை மாசம். கிழமைக்கு ஒருக்கா வறுத்து, ஆறு கிழமைக்குப் பிறகுதான் காசு வருமெண்டா, ஆறு முறைச் செலவு வெளியில நிக்குது. தன்ர கூலியை விட்டுப் பார்த்தாலும் 83,700 ரூபா. "50 ஆயிரத்தோட சுயதொழில் தொடங்கலாம்" எண்டு மண்டபத்தில மைக் பிடிக்கிற ஆக்கள் உந்தக் கணக்கை ஒருநாளும் போர்டில எழுதினதை நான் காணேல்லை. தொழில் படுக்கிறது கனக்க இடத்தில நட்டத்தால இல்லை, காசு கடை இறாக்கையில பைக்கற்றாக் கிடக்கிறதால.

அடுத்த கேள்வி, மொத்தமா வாங்கினா மலிவுதானே? இது நியாயமான கேள்வி. ஒரு மூட்டை செத்தல் எடுத்தா கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். ஆனா அந்தக் காசு முதல்ல கையில இருக்கவேணும். வைக்க ஈரமில்லாத அறை வேணும், தரையில படாமல் பலகை வேணும். ஐப்பசி கார்த்திகை மழையில செத்தல் நமுத்து, மல்லியில வண்டு விழுந்தா மலிவு எல்லாம் குப்பைக்குள்ள. அந்த ரண்டு மூண்டு மாசமும் வெயிலும் இல்லை, வறுக்கிறதே இழுபறி. விக்கிறதும் அப்பிடித்தான். நல்லூர்த் திருவிழாவோட வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கிற ஆடி ஆவணியில கேக்கிற அளவுக்குக் குடுக்க ஏலாது, கார்த்திகையில கேக்க ஆளில்லை. ஆடியில வாற காசை ஆடியிலயே செலவழிச்சா மார்கழிக்கு அடைவுகடைதான்.

கொம்பனித் தூள் மலிவெண்டால் அதை வாங்குங்கோ. உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லை.

தரம் ஒரே மாதிரி இல்லை எண்டு சொல்லுறது சரி. அதை நான் மறுக்க மாட்டன். சிலபேர் ஒருமுறை நல்லாத் தந்து மறுமுறை உறைப்பை மாத்திப் போடுகினம். உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், என்னென்ன சேர்த்தது, நிறை, விலாசம் இதுகள் இல்லாமல் வெறும் பையில விக்கிறதை நீங்களும் வாங்காதேங்கோ. ஆனா உந்த லேபல், பதிவு எல்லாம் வேணுமெண்டு கேக்கிற அதே ஆள்தான் விலையையும் குறைக்கச் சொல்லுறார். கிராம அலுவலரிட்ட உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில வணிகப் பெயர் பதியவேணும். சாப்பாட்டுச் சாமான் எண்டபடியா பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து குசினியைப் பார்க்கவேணும். பிரதேச சபையில உரிமம் எடுக்கவேணும், அதை வருசா வருசம் புதுப்பிக்கவேணும். ஒவ்வொண்டுக்கும் அலையிற நாள் வறுக்காத நாள். மேல போட்ட கணக்கில அந்த நாள் ஒண்டும் இல்லை.

இன்னும் இல்லாதது என்ன தெரியுமோ? 60 ஆயிரம் சம்பளத்துக்கு ஒரு பிள்ளை வேலைக்குப் போனா, முதலாளி தன்ர கையால ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதமும் போடவேணும். மாசம் 9000 ரூபா, சம்பளத்துக்கு மேல. லீவு இருக்கு, காய்ச்சல் வந்து படுத்தாலும் சம்பளம் இருக்கு. தூள் வறுக்கிற பிள்ளை படுத்தா தாச்சியும் படுத்திடும். அந்த 9000 ஐயும் விலைக்குள்ள வைக்கவேணும் எண்டு சொன்னா நீங்கள் என்னை அடிக்க வருவியள். அவ வைக்கேல்லை. வைக்கத் துணியேல்லை. அதாலதான் 2200 ஓட நிக்குது.

தையலும் இதே கதைதான். சொந்தக்காரர் நாளைக்குக் கலியாணம் எண்டா இண்டைக்குப் பின்னேரம் சட்டைத் துணியைக் கொண்டுவந்து, "நீ வீட்டிலதானே இருக்கிறாய், ஒருக்கா அடிச்சுத் தாவன்" எண்டுவினம். லைனிங் துணி, கொளுக்கி, நூல் எல்லாம் தைக்கிறவளின்ர. கடையில எண்டா வாய் திறக்காமல் ரசீதுக்குக் காசு கட்டுற அதே மாமி, இவளிட்ட "எங்களிட்டயும் காசோ?" எண்டு கேப்பா. கேட்டுப்போட்டு, பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கேக்க "பெடியன் சொந்தமா ஏதோ செய்யிறானாம், உத்தியோகம் ஒண்டும் இல்லையாம்" எண்டு முகத்தைச் சுழிப்பா. பேந்து மேடையேறி "எங்கட இளைஞர்கள் ஏன் அரசாங்க வேலைக்குக் காத்து நிக்கினம்?" எண்டு கவலைப்படுவம். நல்ல கவலை.

உழைச்ச காசைக் கேக்கக் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் கனபேர் கிழமைக்கடனுக்குப் போனது. கூலியைப் போடாமல் விலை வைக்கிறது, மாசக் கடைசியில சரக்கு வாங்கக் காசில்லை, கிழமைக்குக் கிழமை தவணை வாங்கிற நுண்நிதிக் கொம்பனிக்காரரிட்ட கடன் எடுக்கிறது, அதைக் கட்ட இன்னொரு இடத்தில எடுக்கிறது. 2018 இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்நிதிக் கடனை அரசாங்கமே பொறுப்பெடுக்கிறம் எண்டு அறிவிக்கிற அளவுக்கு வந்தது. அப்ப எல்லாரும் "ஐயோ பாவம்" எண்டு எழுதினியள். அதே பெண் இண்டைக்குக் கடன் எடுக்காமல், கணக்குப் பார்த்து, தன்ர கூலியையும் சேர்த்து ஒரு விலை வைச்சா கொள்ளைக்காரி.

வங்கிக்குப் போகலாமே எண்டு ஒராள் எழுதியிருந்தார். போகலாம். பெரும்பாலும் அவை முதல் கேக்கிறது பிணை வைக்க அரச உத்தியோகத்தர் ரண்டு பேரை. அரசாங்க வேலை இல்லாததால சொந்தத் தொழில் தொடங்கிற ஆள், அரசாங்க வேலை செய்யிற ரண்டு பேரை வீடு வீடாத் தேடவேணும். கண்டுபிடிச்சாலும், அவையள் தங்கட சம்பளத்தில ஏற்கெனவே வீட்டுக்கடன், மோட்டச்சைக்கிள் கடன் கழிபடுறதால பிணைக்குச் சரிவராது எண்டு திருப்பி அனுப்புவினம். ஆசிரியர்மார், செயலகத்தில வேலை செய்யிற ஆக்கள் கனபேர் அந்தக் கொமன்ற்றுக்கு லைக் போட்டிருக்கிறியள். உங்களில ஒராள், ஒரேயொராள், அவவுக்குப் பிணைக் கையெழுத்து வைக்க வருவியளோ? வாறவை இன்பொக்ஸில சம்பளச் சிட்டையோட வாங்கோ. மற்றவை கிலோ 1200க்குத் தூள் விக்கிற கடையின்ர விலாசத்தைக் கீழ போடுங்கோ, என்ன சேர்த்திருக்கினமெண்டு லேபலைப் பார்ப்பம்.