மேட்டுத் தெருவுக்குப் போகும் லிஃப்ட் பழுதானால்?

பள்ளத்தில் பாதி, மேட்டில் பாதி என்று கிடக்கும் ஊர்களுக்குப் பொது லிஃப்டும் நடைபாலமும் கட்டும் திட்டப் படங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அந்தி வெளிச்சத்தில் மின்னும் கண்ணாடிக் கோபுரம், அதன் உச்சியிலிருந்து மலைச்சரிவுக்கு நீளும் மெலிந்த பாலம், பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லிஃப்ட் நின்றுபோகும் நாளில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்த வழியாக வீட்டுக்குப் போவார் என்று அந்தப் படங்களில் தேடினால் கிடைக்காது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

லிஃப்டே எதற்கு, சாய்தளம் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு வழக்கமான சரிவு 1:12. அதாவது 20 மீட்டர் மேடு ஏற 240 மீட்டர் நீளம் வேண்டும். நடுநடுவே மூச்சு வாங்க, ஒவ்வொரு 75 சென்டிமீட்டர் உயர்வுக்கும் ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். எல்லாம் சேர்த்தால் 280 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கையால் சக்கரத்தை உருட்டி அவ்வளவு தூரம் ஏறச் சொல்வதற்குப் பெயர் வசதி இல்லை. ஆக, உயரம் கூடக்கூட லிஃப்டைத் தவிர வேறு வழி குறைந்துகொண்டே போகும்.

சரி, லிஃப்ட் என்று முடிவு செய்துவிட்டால், அதை ஒரு தெருவாக நடத்த வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் சிட்டி இதை நூறு வருடத்துக்கு முன்பே செய்துவிட்டது. 1915-இல் அங்கே செங்குத்துப் பாறைக்குக் கீழே இருக்கும் கடைவீதியையும் மேலே இருக்கும் குடியிருப்பையும் ஒரு பொது லிஃப்ட் இணைத்தது. முதலில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடியது. அது ஏறும்போது அக்கம்பக்கத்து வீடுகளின் குழாயில் தண்ணீர் குறைந்துவிடுமாம்! அப்புறம் மின்சாரத்துக்கு மாறியது, 1955-இல் புதிதாகவே கட்டினார்கள். அந்த ஊரில் அது தெருக் கணக்கில்தான் வருகிறது. ஏறுவதற்குக் காசும் இல்லை.

லிஸ்பனில் 1902-இல் திறந்த சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் வேறு திசையில் போய்விட்டது. 45 மீட்டர் இரும்புக் கோபுரம், உச்சியிலிருந்து மேட்டுப் பகுதிக்கு ஒரு நடைபாலம். பார்த்தால் மனசை அள்ளும். ஆனால் காலப்போக்கில் அதன் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் என்றாகிவிட்டது. தெருவாகப் பிறந்தது காட்சிப்பொருளாகிவிட்டது. பாலத்தின் மேல்முனையைப் பேருந்து நிறுத்தத்துக்கோ சந்தைக்கோ கொண்டுபோய் விடாமல், ‘வியூ பாயின்ட்’ பக்கம் திருப்பும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

நின்றுபோன லிஃப்ட் எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். மால்டாவின் வலேட்டாவில் துறைமுகத்தையும் மேல் நகரத்தையும் இணைத்த 1905-ஆம் வருடத்து லிஃப்ட் 1973-இல் நின்றது, 1983-இல் பிரித்தே எடுத்துவிட்டார்கள். 58 மீட்டர் ஏறும் புதியது 2012-இல்தான் வந்தது. நடுவில் 39 வருடம்! ஸ்டாக்ஹோமின் காத்தரினா லிஃப்ட் 2010-இல் நின்று, மறுபடி ஓடுவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இரண்டுமே வசதியான, பெயர் பெற்ற நகரங்கள். அங்கேயே இந்தக் கதி.

அதனால்தான் இரண்டு லிஃப்ட் பெட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன். ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும் மற்றது ஓடும். வலேட்டாவின் புதிய லிஃப்டில் அப்படித்தான் இரண்டு இருக்கின்றன. பல திட்டங்களில் பெட்டியின் உள்ளளவுக்கு 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டர் என்ற குறைந்தபட்ச அளவை அப்படியே எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். அதில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, ஆழம் 2.1 மீட்டராவது வேண்டும். ஒரு பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்கும்படி இரு பக்கமும் கதவு வைத்தால் நாற்காலியை உள்ளே திருப்பும் அவஸ்தையும் இல்லை.

யாரும் பேசாத இடம் இன்னொன்று உண்டு: பாலமும் கோபுரமும் சந்திக்கும் மூட்டு. 40 மீட்டர் எஃகுப் பாலம், வெப்பநிலை 40 டிகிரி மாறினால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். இதைக் கோபுரத்தோடு இறுக்கிக் கட்டினால் பாலம் கோபுரத்தைத் தள்ளும். லிஃப்டின் வழித்தண்டவாளங்களோ மில்லிமீட்டர் கணக்கில் நேராக நிற்க வேண்டியவை. ஆகவே பாலத்தை மலைப்பக்கம் பிடித்துக்கொண்டு கோபுரப்பக்கம் வழுக்க விடுவது நல்லது. அப்படி விட்டால் அங்கே ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் நாற்காலியின் சின்ன முன்சக்கரமும், பார்வையற்றவரின் கைத்தடி முனையும் மாட்டும். மேலே சரியான மூடுதகடு போட்டால் தீரும் விஷயம்தான், ஆனால் யாராவது முன்கூட்டியே வரைந்திருக்க வேண்டும். தளத்தில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசியில் தடுக்கி விழவைக்கும் மேடு ஒன்று அங்கே நிற்கும்.

பாலம் மெலிந்தால் ஆட்டமும் கூடும். லண்டன் மில்லேனியம் பாலத்தை 2000 ஜூனில் திறந்து, பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடினார்கள்; அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி 2002-இல்தான் திரும்பத் திறந்தார்கள். உறுதியாக நடப்பவருக்கு அது வேடிக்கை, ஊன்றுகோலோடு வருபவருக்கு அப்படி இல்லை.

கண்ணாடி விஷயத்தில் நான் முழு எதிர்ப்பாளன் அல்ல. இரவில் தனியாக ஏறுபவரை வெளியே இருப்பவர்கள் பார்க்க முடிவது பெரிய பாதுகாப்பு. அதற்கு நாலு பக்கமும் கண்ணாடி தேவையில்லை. வெயில் விழும் பக்கத்தையும் கண்ணாடியாக்கினால் உள்ளே அவியும், மின்னணுப் பாகங்களும் படாத பாடு படும். தெருவைப் பார்த்த பக்கம் கண்ணாடி, வெயில் பக்கம் தடுப்பு. போதும்.

நேரக் கட்டுப்பாடும் எனக்கு உடன்பாடில்லை. இரவு பத்து மணிக்குப் பூட்டினால், கடைசி ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு அது இல்லாத வழிதான்.

இதையெல்லாம் சொன்னால் “பட்ஜெட் இடிக்கும்” என்பார்கள். இடிக்கட்டும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் கண்ணாடியைக் குறையுங்கள், அப்புறம் விளக்கு அலங்காரத்தை, அப்புறம் கோபுரத்தின் ‘தனித்துவமான’ உருவத்தை. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் சாதாரணப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது பெட்டியிலும், இருபது வருடப் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள்.